தாங்குவது யார்? ஆரம்ப சுகாதாரம், பெருந்தொற்று, 'மீள்திறன்' என்கிற சொல்லாடல்

சில ஆண்டுகளாக ஒரு சொல் நம்மைத் துரத்திக்கொண்டு வருகிறது. அரசு அறிக்கைகளில், உலக வங்கியின் கடன் ஆவணங்களில், தொண்டு நிறுவனங்களின் வழவழப்பான துண்டுப் பிரசுரங்களில், கருத்தரங்குப் பதாகைகளில் எங்கு பார்த்தாலும் 'மீள்திறன்'. சுகாதார அமைப்பின் மீள்திறன், சமூகங்களின் மீள்திறன், பெண்களின் மீள்திறன். சிலர் இதையே 'தாங்குதிறன்' என்று எழுதுகிறார்கள். இந்த இரண்டாவது மொழிபெயர்ப்புதான் எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம், அதில் மாட்டிக்கொள்கிற வாய்ப்பு இருக்கிறது. 'மீள்' என்று சொன்னால் யாரும் எதுவும் கேட்பதில்லை. 'தாங்கு' என்று சொன்ன மாத்திரத்தில் தமிழ் காதுக்கு ஒரு கேள்வி வந்துவிடுகிறது: யாரு தாங்குறது?

கொரோனா காலத்தில் ஆரம்ப சுகாதார அமைப்பு எப்படி நின்றது என்பது பற்றி நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே எழுதப்படவில்லை. காம்யுவின் 'கொள்ளைநோய்' நாவலைத் தூசு தட்டி எடுத்து எழுதினோம். ஊரடங்கு பற்றிக் கவிதைகள் வந்தன, நிறைய வந்தன. அகம்பென் சொன்னது சரியா தப்பா என்று வாட்ஸாப்பில் விடிய விடியச் சண்டை போட்டோம். ஆனால் நம் ஊருக்கு நாலு மைல் தள்ளி இருக்கிற துணை சுகாதார நிலையத்தில் அந்த நாட்களில் யார் உட்கார்ந்திருந்தார், என்ன செய்தார் என்பது எழுதத் தகுந்த விஷயமாக நமக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதும் இந்தக் கட்டுரையின் பிரச்சினைதான்.

முதலில் அந்தச் சொல்லின் வம்சாவளியைப் பார்த்துவிடுவோம். 1973-இல் சி.எஸ். ஹோலிங் என்கிற கனடிய சூழலியலாளர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் இது இன்றைய அர்த்தத்தில் புறப்படுகிறது. காடும் மீனும் பூச்சியும் அதிர்ச்சிகளை உள்வாங்கிக்கொண்டு எப்படித் தொடர்ந்து இருக்கின்றன என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. அங்கிருந்து அது பேரிடர் நிர்வாகத்துக்குப் போயிற்று, நிதிச் சந்தைக்குப் போயிற்று, வளர்ச்சித் துறைக்கு வந்தது. 2014-இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவி, அங்கிருந்த சுகாதார அமைப்புகள் உட்கார்ந்துபோனபோது, 2015-இல் 'லான்செட்' இதழில் 'மீள்திறன் கொண்ட சுகாதார அமைப்பு என்றால் என்ன' என்று கேட்டுக் கட்டுரை வந்தது. அந்த நாடுகளில் மருத்துவரும் நர்ஸும் ஏன் அத்தனை குறைவாக இருந்தார்கள், கடன் நிபந்தனைகள் அவர்களை என்ன செய்திருந்தன என்பதெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்ள, 'மீள்திறன்' மையத்துக்கு வந்தது. காட்டுக்குச் சம்பளம் கிடையாது. மரம் ஒப்பந்தப் பணியாளர் அல்ல. சூழலியலில் ஒரு வினைமுதல் தேவைப்படாத சொல்லை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது, வேலை செய்கிற ஆள் வாக்கியத்திலிருந்து காணாமல் போனார். 'அமைப்பு தாங்கியது' என்று எழுதிவிடலாம். தாங்கியவருக்கு மாதம் எவ்வளவு என்று எழுத வேண்டியதில்லை.

இதற்கு முன்னால் இருந்த சொல் வேறு. 1978 செப்டம்பரில், அன்றைய சோவியத் கஜகஸ்தானின் அல்மா-ஆட்டாவில் நிறைவேறிய பிரகடனம் ஆரம்ப சுகாதாரத்தைப் பற்றிப் பேசியபோது, அதைப் புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கோடும் மக்களின் பங்கேற்போடும் சேர்த்துத்தான் பேசியது. நாடுகளுக்கிடையிலும் நாட்டுக்குள்ளும் இருக்கிற ஏற்றத்தாழ்வு 'ஏற்கத் தக்கதல்ல' என்கிற நிலைப்பாடு அதன் அடித்தளம். 2000-க்குள் எல்லோருக்கும் நலவாழ்வு என்றது. மறு வருடமே, 1979-இல், வால்ஷ், வாரன் என்கிற இரண்டு பேர் 'தேர்ந்தெடுக்கப்பட்ட' ஆரம்ப சுகாதாரம் என்று ஒன்றை முன்வைத்தார்கள். எல்லாவற்றையும் செய்ய முடியாது, செலவுக்கு அதிகப் பலன் தருகிற சிலவற்றை மட்டும் செய்வோம். யுனிசெஃப் அதைப் பிடித்துக்கொண்டது: எடை பார், உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடு, தாய்ப்பால் கொடு, தடுப்பூசி போடு. தண்ணீர், நிலம், கூலி எல்லாம் பட்டியலிலிருந்து விழுந்தன. 1993-இல் உலக வங்கி 'சுகாதாரத்தில் முதலீடு செய்தல்' என்று அறிக்கை போட்டது. நலவாழ்வு உரிமையாக இருந்தது, முதலீடாக ஆனது, இப்போது மீள்திறனாக ஆகியிருக்கிறது.

இங்கேயும் இதே கதைதான். 1946-இல் போர் குழு, பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார அலகு, அதில் 75 படுக்கை என்று நீண்டகாலத் திட்டம் தந்தது. நாற்பதாயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்பது அப்போதைக்கு என்று சொல்லப்பட்ட ஏற்பாடு மட்டுமே. இன்றைய விதி சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், பெரும்பாலும் ஆறு படுக்கை. அதற்குக் கீழே ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். ஊரில் 'நர்ஸம்மா'.

தமிழ்நாட்டுக்கு ஒரு தனி வரலாறு உண்டு என்பதை மறுக்க முடியாது. மறுப்பது நேர்மையும் ஆகாது. மருத்துவமனைகளை நடத்துகிற துறை வேறு, பொது சுகாதாரத் துறை வேறு என்று 1920களிலேயே பிரிந்துவிட்டது. இந்தியாவிலேயே முதலாவதான பொது சுகாதாரச் சட்டம் 1939-இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. 1994-இல் மருந்து கொள்முதலுக்கென்று அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மற்ற மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொண்ட ஏற்பாடு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. வடக்கே பல மாநிலங்களில் சுகாதார நிலையம் என்பது பூட்டிய கட்டடம். நம் ஊரில் அது பெரும்பாலும் திறந்திருக்கிறது. இந்தத் 'திறந்திருத்தல்' சாதாரண விஷயமல்ல. ஆனால் இதைத் 'தமிழ்நாடு மாடல்' என்று கொடி கட்டிப் பேசுகிறபோது, திறந்து வைத்திருப்பது யார் கை என்பது மறைகிறது. அந்தக் கை பெரும்பாலும் ஒரு பெண்ணின் கை.

இங்கே ஒரு சுயவிமர்சனம். தொண்ணூறுகளில் நாங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது இந்த நர்ஸம்மா எங்கள் எழுத்தில் ஒரே ஒரு முகத்தோடுதான் வந்தார்: அரசின் கை. நார்பிளாண்ட், டெப்போ புரோவேரா எதிர்ப்பெல்லாம் நடந்த காலம் அது. மாதத்துக்கு இத்தனை ஆபரேஷன், இத்தனை லூப் என்று இலக்கு வைத்து ஏழைப் பெண்களின் உடலைப் பிடித்துக்கொண்டு போன காலம். அந்த இலக்கு முறையை 1996 ஏப்ரலில்தான் நாடு முழுக்கக் கைவிட்டதாக அறிவித்தார்கள். அப்போது பூக்கோவைப் படித்துவிட்டு நாங்கள் நர்ஸம்மாவின் பதிவேட்டைப் பார்த்தோம். தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. எந்த வீட்டில் யாருக்கு எத்தனை குழந்தை, கடைசியாக மாதவிலக்கு எப்போது, கருத்தடை செய்துகொண்டாளா இல்லையா. இது உயிர் அதிகாரம் இல்லையென்றால் வேறு எது? அன்றைக்கு எழுதியதில் நான் எதையும் வாபஸ் வாங்கப் போவதில்லை. தலித் பெண்களையும் கூலிப் பெண்களையும் எண்களாக்கிய பதிவேடு அது. ஆனால் அதே பதிவேட்டில் வேறொன்றும் இருந்தது. அதைப் பார்க்க எங்கள் கோட்பாட்டுக்குக் கண் இல்லை.

2020 வந்தது. பூக்கோ மறுபடியும் எல்லார் வாயிலும். 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோய் கண்ட ஒரு நகரத்தை எப்படிப் பூட்டினார்கள் என்று விவரிப்பார். வீதிக்கு ஒரு அதிகாரி, வீட்டை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை எடுத்துப் போவது, குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஜன்னலில் வந்து நின்று தன் இருப்பைக் காட்டுவது. சென்னையில் தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தபோது நமக்கு அந்தப் பக்கம் ஞாபகம் வந்தது இயல்பு. வீட்டுச் சுவரில் ஸ்டிக்கர். தெருமுனையில் மூங்கில் தடுப்பு. அந்த ஸ்டிக்கர் ஒட்டத் தேவையில்லை என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2020 டிசம்பர் ஆயிற்று. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் பால்காரர், பக்கத்து வீடு, பங்காளி அத்தனை பேரையும் இழந்திருந்தன.

பிறகு அந்தச் சொல்: 'சமூக இடைவெளி'. யார் மொழிபெயர்த்தார்களோ தெரியாது, அவர்களை அறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். நம் ஊர்களில் சமூகத்துக்கு இடைவெளி புதிதாக வைக்க வேண்டுமா என்ன? ஊருக்கும் சேரிக்கும் நடுவில் அது ஏற்கெனவே இருக்கிறது. தள்ளி நில், தொடாதே, தனி டம்ளர் என்கிற சொற்கள் எல்லாம் பழைய சரக்கு. இப்போது அவற்றுக்கு விஞ்ஞானத்தின் முத்திரையும் கிடைத்தது. எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் டீக்கடைக்காரர் கொரோனாவைச் சொல்லிக் காலனி ஆட்களுக்கு மட்டும் பேப்பர் கப் கொடுத்தார், ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி டம்ளர். நோய் போன பிறகும் பேப்பர் கப் போகவில்லை. துணை சுகாதார நிலையம் எங்கே கட்டப்பட்டிருக்கிறது, ஊரிலா காலனியிலா என்பதை வைத்தே ஒரு ஆய்வு செய்யலாம். யாராவது செய்தால் நல்லது.

ஆக, கண்காணிப்பு பற்றிய விமர்சனம் சரிதான். 1897-இல் பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் அவசரமாகப் போட்ட தொற்றுநோய்ச் சட்டம்தான் 2020-இலும் கையில் எடுக்கப்பட்டது. அன்றைக்கு வீடு புகுந்து சோதனை போட்டதன் கோபத்தில் புனேயில் ராண்ட் என்கிற அதிகாரி சுடப்பட்டார். இன்றைக்கு, 2020 ஜூனில், கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று தொடங்கிய விஷயம் சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனும் மகனும் காவல் வன்முறையில் சாவதில் முடிந்தது. கொள்ளைநோயின் பெயரால் போலீஸ் கையில் லத்தி நீளும் என்பதை நிரூபிக்க வேறு ஆதாரம் வேண்டாம்.

பிரச்சினை எங்கே வருகிறதென்றால், அகம்பென் 2020 பிப்ரவரி 26-ஆம் தேதி இந்தத் தொற்றே ஒரு கண்டுபிடிப்பு, விதிவிலக்கு நிலையை நிரந்தரமாக்குவதற்கான சாக்கு என்கிற தொனியில் எழுதினாரே, அங்கே. மூன்று வாரத்தில் பெர்காமோ நகரிலிருந்து ராணுவ லாரிகள் சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயின. அதிகாரத்தை மட்டுமே பார்க்கப் பழகிய கண்ணுக்கு வைரஸ் தெரியவில்லை. அங்கேயும் ஒரு நர்ஸ் இருந்திருப்பார். அவரும் தெரியவில்லை.

அந்த நோட்டுக்குத் திரும்புகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கிராம சுகாதார செவிலியர். ஐம்பதை நெருங்கிய வயது. பேர் வேண்டாம். நாலு குக்கிராமங்கள் அவர் பொறுப்பு. 2020 மார்ச் கடைசியில் பஸ் நின்றது. அவர் வீட்டுக்காரர் டிவிஎஸ் எக்ஸெல்லில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் கூட்டிப் போவார். முதல் சில வாரங்களில் அவருக்குக் கிடைத்த பாதுகாப்புக் கவசம் ஒரு துணி முகக்கவசம். அவரே தைத்தது. நான் பிற்பாடு அவரிடம் உட்கார்ந்து பேசியபோது எடுத்துக் காட்டிய நோட்டு அரசாங்கப் பதிவேடு அல்ல. கடையில் வாங்கிய நாற்பது பக்க நோட்டு. முன்பக்கத்தில் கர்ப்பிணிகள். பேர், எத்தனையாவது மாதம், பிக்மி எண், யாருக்கு ரத்தம் கம்மி, யாருக்கு ஏற்கெனவே ஆபரேஷன். பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதியது பிரஷர், சுகர்காரர்கள். யாருக்கு மாத்திரை எந்தத் தேதியில் தீரும்.

'அரசாங்கம் கேக்குற நோட்டு வேற சார். இது எனக்கு. இதுல இல்லைன்னா எனக்கு கை ஓடாது' என்றார்.

மாத்திரையை அவரே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். அப்போது அப்படி ஒரு திட்டமே கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநரிடம் சண்டை போட்டு ரெண்டு மாத மாத்திரையாக வாங்கி, பேர் எழுதிக் கவரில் போட்டு, தெருமுனையில் நின்று கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார். புதன்கிழமை தடுப்பூசி ஏப்ரலில் நின்றது. மே மாதம் நேரம் பிரித்து, ஒரு மணிக்கு நாலு குழந்தை என்று வேப்பமரத்தடியில் போட்டிருக்கிறார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் போட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் முத்தடுப்பூசி மூன்று தவணையும் பெற்ற குழந்தைகள் 2019-இல் 91 சதம், 2020-இல் 85 சதம். லட்சக்கணக்கான குழந்தைகள் விட்டுப்போன வருடம் அது. அந்த நாலு குக்கிராமத்தில் விட்டுப்போனது மூன்று குழந்தைகள். மூன்றுக்கும் அவர் பேர் சொன்னார்.

மே மாதம் கோயம்பேடு மூடியபோது அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் லாரியிலும் நடந்தும் ஊர் திரும்பினார்கள். யார் யார் வந்திருக்கிறார்கள் என்பது நர்ஸம்மாவுக்கு முதல் நாளே தெரியும். எப்படி? 'அவங்க வீட்டுப் பொம்பளைங்க சொல்லுவாங்க சார். கொழந்தைக்கு ஊசி போடப் போனா பேசிட்டு இருப்போம்ல.' காய்ச்சல் இருக்கா, மணம் தெரியுதா என்று வீட்டுத் திண்ணையில் நின்று கேட்டிருக்கிறார். மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு மேலிருந்து அந்தப் பட்டியலைக் கேட்டார்கள். கொடுத்தார். கொடுக்காமல் இருக்க முடியாது. அந்தப் பட்டியல் சுகாதாரத் துறையோடு நிற்கவில்லை. இரண்டாம் நாள் போலீஸ் ஜீப் வந்தது, ஊர் பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது, வாசலில் தடுப்புக் கட்டியது. அதற்கப்புறம் ஒரு வீடு நர்ஸம்மாவுக்குக் கதவைத் திறக்கவில்லை. அந்த வீட்டு மருமகள் ஏழு மாதம். மூன்று மாதம் அந்தப் பெண்ணை அவரால் பார்க்க முடியவில்லை. பிரசவம் கடைசியில் மாவட்ட மருத்துவமனையில் ஆபத்தான நிலையில் நடந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிழைக்காமலும் போயிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் 'மீள்திறன்' என்கிற சொல்லாடலும் நம்முடைய உயிர் அதிகாரச் சொல்லாடலும் இரண்டுமே தடுக்கி விழுகின்றன. அறிக்கைக்காரர்கள் பட்டியலைப் பார்த்து 'தரவு' என்கிறார்கள். நாம் 'கண்காணிப்பு' என்கிறோம். நோட்டு ஒன்றுதான். திண்ணையில் இருந்தபோது அது பரிவு, ஜீப்பில் ஏறியபோது அது போலீஸ். எது எப்போது எதுவாக மாறுகிறது என்பது நோட்டின் சாராம்சத்தில் இல்லை. அதை யார் யாரிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது, கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா என்பதில் இருக்கிறது. ஆரம்ப சுகாதாரத்தின் வலிமை என்று ஒன்று இருந்தால் அது கட்டடத்திலோ சாப்ட்வேரிலோ இல்லை, அந்த நம்பிக்கையில்தான் இருந்தது. அதைச் சம்பாதிக்க அந்த அம்மாவுக்கு இருபது வருடம் ஆனது. அரசுக்கு அதைச் செலவழிக்க ரெண்டு நாள் போதுமாயிருந்தது. எந்த அறிக்கையும் இந்தச் செலவைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாக நான் பார்க்கவில்லை.

கணக்கு என்றதும் சாவுக் கணக்கு. 2020 ஜூலையில் சென்னையில் விட்டுப்போன 444 மரணங்களைச் சேர்த்ததாக அரசே அறிவித்தது. மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்த சாவுகள் மாநிலப் பட்டியலில் இல்லை. பல மாநிலங்கள் இந்த ஒப்புதலைக்கூடச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சுமார் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் என்று மதிப்பிட்டது. ஒன்றிய அரசு கணக்கு முறையே தப்பு என்றது. அரசின் கொரோனா சாவுக் கணக்கு அப்போது ஐந்து லட்சத்தைச் சுற்றி நின்றது. 2025 மே மாதம் வெளியான அரசின் சொந்தப் பதிவின்படி 2020-இல் பதிவான மரணங்கள் ஏறக்குறைய 81 லட்சம், 2021-இல் ஒரு கோடியே இரண்டு லட்சம். வைத்துக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். மீண்டு வந்த அமைப்பு என்று பேசுகிறபோது, மீளாதவர்கள் எத்தனை என்பதையே நான்கு வருடம் கழித்துத்தான் எண்ணினோம்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் மருந்துக்கு நின்ற வரிசையை எல்லோரும் பார்த்தோம். ராத்திரி முழுக்க, செருப்பைப் போட்டு இடம் பிடித்து. பிறகு அந்த வரிசை நேரு ஸ்டேடியத்துக்கு மாறியது. அந்த மருந்தை ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது (பிற்பாடு அதன் பரிந்துரை மாறியது, அது வேறு). தனியார் மருத்துவமனை சீட்டில் எழுதிக் கொடுத்து 'வாங்கிட்டு வா' என்றது. குடும்பம் ஓடியது. அதே நேரத்தில் கிராமத்தில் தேவைப்பட்டது விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிஜன் மானியும், அதை வைத்துக்கொண்டு தினமும் வீட்டுக்கு வந்து 'தொண்ணூத்திநாலுக்குக் கீழ போச்சுன்னா உடனே கூப்பிடு' என்று சொல்ல ஒரு ஆளும். முதல் காட்சி எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. இரண்டாவது வரவில்லை. மருத்துவம் என்றால் மருந்து, மருந்து என்றால் விலை உயர்ந்த ஊசி என்று சந்தை நம் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிற கருத்தியலை எதிர்த்து எழுத நமக்கு அதைவிடத் தோதான நேரம் கிடைத்திருக்காது. எழுதவில்லை.

தாங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று?

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குக் கைதட்டினோம். மே 3-ஆம் தேதி விமானப்படை மருத்துவமனைகள் மீது பூத் தூவியது. நடுவில் ஏப்ரல் மாதம் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லால் அடித்தது. துப்புரவுப் பணியாளர் 'தூய்மைப் பணியாளர்' ஆனார், அதுவும் 2020-இல்தான். பேர் மாறியது, ஒப்பந்தம் மாறவில்லை. 2025 ஆகஸ்டில் தங்கள் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் பன்னிரண்டு நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்த அதே பணியாளர்களை, நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது.

நர்ஸுகள் விஷயம் இன்னும் பழையது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு மாதம் ரூ.7,700. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் போராடினார்கள். கொரோனா வந்ததும் தற்காலிகமாக மேலும் பல ஆயிரம் பேர் எடுக்கப்பட்டார்கள். அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது என்று ஒரு ஆணை வந்தது. புத்தாண்டு வாழ்த்து மாதிரி. வேறு இடங்களில் தற்காலிக வேலை தருவதாக அரசு சொன்னது. தற்காலிகத்துக்கு மாற்று இன்னொரு தற்காலிகம்.

ஆஷா ஊழியர்கள் நாடு முழுக்கப் பத்து லட்சம் பேர், தமிழ்நாட்டில் மலைப் பகுதிகளில் கொஞ்சம் பேர். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. 2025 பிப்ரவரி 10-ஆம் தேதி கேரளத்தில் அவர்கள் தலைமைச் செயலகத்துக்கு வெளியே உட்கார்ந்தபோது மாத மதிப்பூதியம் ரூ.7,000. அப்போது இடதுசாரி அரசு ஆண்டுகொண்டிருந்த, உலகமே பாராட்டிய சுகாதார அமைப்பு உள்ள மாநிலம் அது. 'ஊழியர்' என்று சொன்னால் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும். அதனால் அவர் 'தன்னார்வலர்', அவர் வாங்குவது 'ஊக்கத்தொகை'. ஒரு பெண் வீடு வீடாகப் போய்ப் பிறருடைய உடம்பைப் பார்த்துக்கொள்வது உழைப்பு அல்ல, அவளுடைய இயல்பு என்கிற ஆணாதிக்கக் கற்பிதம் இல்லாமல் இந்தச் சொற்கள் ஒரு நாள் நிற்காது.

'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சை வருகிறது. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. எதிர்ப்பதற்கு எதையாவது தேடிக் கண்டுபிடிக்கிற வேலையில் நான் இல்லை. இது நல்ல திட்டம். எங்கள் அத்தை மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பது நின்றுபோயிற்று. கூலிக்காரர்களின் நேரத்துக்கு மதிப்பு உண்டு என்று ஒரு அரசுத் திட்டம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் மாத்திரையைக் கொண்டுவருகிற பெண் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த 'பெண் சுகாதாரத் தன்னார்வலர்'. தொடக்கத்தில் மாதம் ரூ.4,500. நர்ஸம்மா 2020-இல் கவரில் பேர் எழுதிச் சும்மா செய்த வேலை, இப்போது திட்டமாகி, அவரைவிடக் கம்மியாய் வாங்குகிற இன்னொரு பெண்ணின் தலையில் இறங்கியிருக்கிறது. நர்ஸம்மா அந்தப் பெண்ணை மேற்பார்வை பார்க்கிறார், படம் எடுத்துச் செயலியில் ஏற்றுகிறார். அமைப்பு கற்றுக்கொண்டது என்பது உண்மை. யாரிடமிருந்து கற்றுக்கொண்டதோ அவர் பேர் எங்கேயும் இல்லை என்பதும் உண்மை.

தோழர் ஒருவர் இதைப் படித்துவிட்டுக் கேட்டார்: 'அப்போ அரசை ஆதரிக்கச் சொல்றியா?' கேள்வி நேர்மையானது. தொண்ணூறுகளில் நாம் பெற்ற பயிற்சியில் 'பொது' என்பதும் 'அரசு' என்பதும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டையும் சேர்த்தே அடித்தோம். அடித்துக்கொண்டிருக்கும்போதே தாராளமயம் வந்து 'பொது'வை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டது. 'அரசு' லத்தியோடு அப்படியே நிற்கிறது. துணை சுகாதார நிலையத்தைக் காப்பாற்றப் போராடுவதும், அதன் நோட்டுப் போலீஸ் கைக்குப் போகக் கூடாது என்று போராடுவதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள் அல்ல. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவது நடக்காது. நோட்டை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லக்கூடிய நிலையில் ஒரு நர்ஸ் இருக்க வேண்டுமானால் அவருக்கு நிரந்தர வேலை வேண்டும், சங்கம் வேண்டும், ஊர்க்காரர்கள் அவர் பக்கம் நிற்க வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பவரால் முடியாது. 'தன்னார்வல'ரால் நிச்சயம் முடியாது. கூலிப் பிரச்சினையும் அந்தரங்கத் தகவல் பிரச்சினையும் ஒன்றாகிற இடம் இது.

போன வருடம் அந்த அம்மாவை மறுபடியும் பார்த்தேன். மூட்டு வலி. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. இப்போது எல்லாம் டேப்லெட்டில்தான், நெட் கிடைக்காத குக்கிராமத்தில் எழுதி வைத்துக்கொண்டு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஏற்றுகிறார். கதவைத் திறக்காத அந்த வீட்டைப் பற்றிக் கேட்டேன். அந்தக் குழந்தைக்கு அஞ்சு வயசு ஆகுது, எல்லா ஊசியும் போட்டாச்சு என்றார். மாமியார் இன்னும் பேசுவதில்லையாம். மருமகள் பேசுவாளாம், மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால்.